குழாயடி, பத்து ஐந்து

கட்டொழுங்குப் பொறுப்பை ஒப்படைத்த அன்று
தலைமையாசிரியை இரண்டு பொருள்கள் தந்தார்.
ஒரு ரோத்தான்.
ஒரு நீல அட்டைப் புத்தகம்.

ரோத்தானை அலமாரிக்குப் பின்னால் செருகினேன்.
கருணையால் என்று சொல்லமாட்டேன்.
அந்த அறையில் வேறு இடமில்லை.

புத்தகத்தில் எனக்கு முன்பிருந்தவர்களின் கையெழுத்து:
துவாரகேஸ், நான்கு முல்லை, தள்ளிவிட்டான்.
துவாரகேஸ், தள்ளிவிட்டான்.
துவாரகேஸ், மீண்டும்.
‘மீண்டும்’ என்பதன் கீழே
தாள் கிழிய இரண்டு கோடு.

எங்கே என்று ஒருவரும் எழுதவில்லை.
எப்போது என்றும்.
அளவுகோல் வைத்து
நான் இரண்டு பத்தி கூட்டினேன்.
கணக்கு டீச்சருக்குக் கோபம் வந்தால்
கட்டம்தான் போடத் தெரியும்.

மூன்று வாரம்.
குழாயடி, பத்து ஐந்து.
குழாயடி, பத்து ஆறு.
குழாயடி, பத்து ஐந்து.
பெயர்கள் மாறிக்கொண்டிருந்தன:
ஹேமரூபன், யாழரசி,
பல் விழுந்த முதலாமாண்டுப் பொடியன் ஒருவன்.
குழாய் மாறவில்லை.

மறுநாள் போய் நின்றேன்.
மூன்று குழாயில் இரண்டுக்குச் சாக்குக் கட்டியிருந்தது.
மீதி ஒன்று
செந்தூல் ரயில் கடந்து போகும் நேரம் பிடித்து
ஒரு குவளை நிரப்பியது.
எதிரே நூற்றறுபது கை,
அத்தனையிலும் சம்பல் பிசுக்கு.
மணி அடிக்கப் போகிறது.
பிந்தினால் வகுப்பு வாசலில் நிற்கவேண்டும்.
முதுகில் யாருடைய முழங்கையோ.
நானாக இருந்தால்
பத்து நான்குக்கே தள்ளியிருப்பேன்.

பெற்றோர் சங்கக் கூட்டத்தில் குணாளன் எழுந்தார்.
“அடி உதவுகிற மாதிரி
அண்ணன் தம்பி உதவமாட்டான், டீச்சர்.
நாங்கள் எல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம்.”
“ஒரு குழாய் நாற்பத்திரண்டு வெள்ளி” என்றேன்.
வேறு பதில் என்னிடம் இல்லை.
சனிக்கிழமை அவரே வந்தார், ஸ்பேனரோடு,
முணுமுணுத்தபடி,
மகனை டார்ச் பிடிக்கச் சொல்லி.

சின்னவர்களுக்கு ஐந்து நிமிடம் முந்தி மணி.
தரையில் மஞ்சள் பாதங்கள் வரைந்தோம்.
காத்திருப்பதைப் பாடமாக நடத்தினோம்,
ஏழாம் வாய்பாட்டுக்குப் பிறகு, பதினைந்து நிமிடம்.
இடிபட்டவன் என்ன சொல்வான்?
இடித்தவன் என்ன சொல்வான்?
ஆறாமாண்டு நடித்துக் காட்டியது.
இடிபட்டதும் ஒருவன் உருண்டு விழுந்து செத்தே போனான்.
பள்ளி சிரித்தது.
அந்த வாரம் குழாயடிக்கு ஒரே ஒரு வரி.

துவாரகேஸுக்கு மட்டும் குழாய் போதவில்லை.
அவன் வரிகள் வேறு இடம் தேடிப் போயின.
திங்கள், நுழைவாயில், ஏழு இருபத்தைந்து.
ஆகவே வாயிலில் நின்றேன்.
வணக்கம், துவாரகேஸ்.
பதினோரு நாள் என்னைக் கடந்துபோனான்,
விளக்குக் கம்பத்தைக் கடப்பதுபோல.
பன்னிரண்டாம் நாள் நின்றான்.
“டீச்சர், உங்க சப்பாத்துக் கயிறு அவுந்திருக்கு.”

புத்தகத்தில் இன்னொரு பத்தி போட்டேன்,
நல்லதற்கு.
இரண்டு நாள் வெறுமையாகக் கிடந்தது.
நல்லது நடக்காமல் இல்லை,
என் பேனாவுக்குத்தான் பழக்கமில்லை.
பிறகு எழுதினேன்:
துவாரகேஸ், குழாயடி, பத்து ஐந்து.
சின்னவன் ஒருவனை முன்னே விட்டான்.
அடுத்த நாள்:
துவாரகேஸ், மீண்டும்.
கோடு போடலாமா என்று யோசித்து
விட்டுவிட்டேன்.

நேற்று நாற்காலி ஒன்றைக் கவிழ்த்தான்.
அதையும் எழுதினேன்.
நூலகம், பதினொன்று இருபது.
மழை அடித்துக்கொண்டிருந்தது,
ஜன்னல் பக்கம் ஏதோ ஒழுகுகிற சத்தம்.
நாளை அந்த நேரத்துக்கு
போய் நின்று பார்க்கவேண்டும்.